ஷட்டரை இறக்கச் சொன்னவள்

கடலுக்குப் போகிறது மில்ரோய்.
லைட் வாங்கப் போகிறது நான்.
கடன் என் பேரில் இருக்கிறது.

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு,
பகல் பதினொன்றரை.
நாட்டாமி வண்டி ஒன்றுக்கு ஒதுங்கி
அப்படியே நிஸ்தார் நானாவின் கடைக்குள் ஏறினேன்.

"இது இருபதாயிரம் லுமன், தங்கச்சி.
இங்க அடிச்சா ராகமையில தெரியும்."
கண்ணாடி மேசையில் வைத்து அமத்தினார்.
ஒன்றும் தெரியவில்லை.
பகலில் எல்லா லைட்டும்
ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

"ஷட்டரை ஒருக்கா இறக்குங்கோ."
"அப்ப யாவாரம்?"
"இதுவும் யாவாரந்தானே."

பெடியன் சிரித்துச் சிரித்து இழுத்தான்.
ஃபேன் வாங்க வந்த ஒரு மனிதர்
உள்ளே அகப்பட்டுக்கொண்டு
"கரண்ட் போயிற்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

நிஸ்தார் நானா வெள்ளைச் சேட்டு.
எங்கள் போட்டின் அணியமும் வெள்ளை.
"கொஞ்சம் முன்னுக்கு நில்லுங்கோ நானா" என்று
அவர் தோளுக்கு மேலால் அடித்தேன்.
இருபதாயிரமும்
சேட்டில் பட்டுத் திரும்பி என் கண்ணுக்குள் வந்தது.
அலுமாரியும் இல்லை, நானாவும் இல்லை.

போன மாதம் இரவல் லைட்டோடு போனவர்களுக்கு
இதுதான் நடந்திருக்கிறது.
தூறலுக்குள் அடிக்க
முன்னுக்கு ஒரு வெள்ளைச் சுவர்.
சுவருக்குப் பின்னால்
வேறு யாரோ கட்டிவிட்ட வலைக்கயிறு.
இரண்டு நாள் கழித்து
சோற்றில் முள் எடுத்துக்கொண்டு சொன்னார்,
அதுவும் சுமித் முந்திச் சொல்லிவிட்டான் என்பதால்.

அகலமாய் விரிகிற லைட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
நீலம் கலந்த வெள்ளையையும்.
ஒடுங்கி, நேராக, கொஞ்சம் மஞ்சளாய்ப் போகிற ஒன்று
மேல் தட்டில், தூசியோடு இருந்தது.
மூவாயிரம் லுமன்.
"அது பழைய மொடல்" என்றார்.
"பன்னிரண்டு வோல்ட்டா?"
"ஓம்."
"வயர் எத்தனை அடி?"
அளக்கச் சொன்னேன். அளந்தான் பெடியன்.

சுவிட்ச் பெரிது. நல்லது.
மில்ரோயின் வலது பெருவிரல் பாதிதான்,
மற்றப் பாதியை வின்ச் எடுத்தது.
மீன் கொழுப்புக் கையோடு
இருட்டில் தடவித் தேட அவருக்கு நேரம் இராது.

பிறகு ஒரு வாளி தண்ணீர் கேட்டேன்.
அங்கேதான் நானாவுக்குக் கோபம் வந்தது.
"வாங்கினாப் பிறகு கடலையே ஊத்துங்க!"
காசை மேசையில் வைத்தேன்,
பதினெட்டாயிரத்து ஐந்நூறு, எண்ணி.
வாளி வந்தது.
தண்ணீருக்கு அடியிலும் அது எரிந்துகொண்டிருந்தது.
ஃபேன் மனிதர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

இரவு, காக்கைத்தீவுக் கரை.
ஆறு கடலுக்குள் போகிற இடம்.
தெற்கே துறைமுகத்துக் கிரேன்களின் வெளிச்சம்;
அதற்கு முன்னால் ஒரு சின்னப் போட் நின்றால்
கடவுளுக்கும் தெரியாது.
இந்த ஊரில் இருட்டு காணாது,
அதுதான் கரைச்சல்.

ஃபோனில் மில்ரோய்: "அடிக்கவா?"
"அடி. என்ர முகத்துக்கு."
"விசரா உனக்கு?"
"அடி எண்டு சொல்றன்."

கவிழ்த்த போட், ஒரு நாய், என் நிழல்
மூன்றும் ஒருகணம்.
பிறகு அணைத்தார்.
பிறகு எனக்கு என் செருப்பே இல்லை.
எண்ணினேன்.
இருநூற்றுப் பத்தில்தான்
தண்ணீர் எது மணல் எது என்று வந்தது.

"கேக்குதா? எதிர்ல வாற போட்டுக்கு
இருநூற்றுப் பத்து.
முகத்துக்கு அடிக்காத. தண்ணிக்கு அடி.
பார். அணை."

பதில் இல்லை. என்ஜின் சத்தம்.
சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு,
பிறகு ஆற்றுவாய் மணல்மேட்டில்
நுரையை மட்டும் தொட்டுவிட்டு அணைந்த
ஒரு மஞ்சள் கோடு.
சரிதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்
ஃபோன் வெளிச்சத்தில் பில்லை வாசித்தேன்.
ஆறு மாத வாரண்டி.
கீழே சின்ன எழுத்தில்:
உப்புத்தண்ணீர் பட்டால் செல்லாது.